எல் போட்டால் வயிறு பிடிக்கிறது, எக்ஸ்எல் போட்டால் தோள் தொங்குகிறது: 49 வயதில் எதைத்தான் போடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 49, மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறீர்கள். வேலைக்குப் போட பாஜு கூரோங் இருக்கிறது, கோயிலுக்குப் புடவை இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும்போதும், கடைத்தெருவுக்குப் போகும்போதும், சாயங்காலம் பிள்ளையை டியூஷனிலிருந்து ஏற்றிவரும்போதும் இந்த வெயிலுக்குப் போட்டுக்கொள்ளச் சாதாரணமாக ஒன்று வேண்டும், அது கிடைக்கவில்லை. டீ-சட்டை வயிற்றைக் காட்டுகிறது, ஒரு அளவு பெரிதாக எடுத்தால் தோள் முழங்கை பக்கம் இறங்குகிறது, தொளதொளவென்ற கெலாவார் அங்கி போட்டால் மகள் "பாட்டி" என்று சிரிக்கிறாள். எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் நாலு கடை ஏறி இறங்கியவர் என்று தெரிகிறது. ஐந்தாவது கடையிலும் அதே சட்டைதான் வேறு நிறத்தில் தொங்கும். அளவைக் கூட்டியும் ஏன் சரியாக உட்காரவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நான் சுங்கை சிப்புட்டில் 31 வருடமாகத் தைக்கிறேன். கடை என்று பெரிதாக எதுவும் இல்லை, வீட்டு முன்கூடத்தில் இரண்டு மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக். என்னிடம் இருக்கும் ஒரே சொத்து அளவு நோட்டுகள். ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, கறையான் அரித்தது இரண்டு போக மீதி அலமாரியில் அப்படியே இருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, இன்றும் என்னிடம் தைக்கும் ஒருவருடைய அளவைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். அவருக்கு 27 வயதில் தோள் 14½ அங்குலம், மார்பு 35, இடுப்பு 29. இந்த வருடம் பொங்கலுக்கு எடுத்த அளவில் தோள் அதே 14½, மார்பு 39, இடுப்பு 37. தோள் எலும்பு, அது வளரவும் இல்லை சுருங்கவும் இல்லை. மார்புக்கும் இடுப்புக்கும் ஆறு அங்குலம் இருந்த வித்தியாசம் இரண்டாகிவிட்டது. நோட்டைப் புரட்டினால் முக்கால்வாசிப் பேருடைய கதை இதுதான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் சதை தொடையை விட்டு வயிற்றுப் பக்கம் சேர்வது பொதுவான விஷயம் என்று டாக்டர்களும் சொல்வார்கள்.

ரெடிமேட் எப்படி வெட்டப்படுகிறது என்று பாருங்கள். ஒரு நடுத்தர உடம்பை வைத்து ஒரு மாதிரி வெட்டுவார்கள், பிறகு அதையே பெரிதாக்குவார்கள். ஒவ்வொரு அளவு கூடும்போதும் மார்பில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கூடும். கூடவே தோளும் ஒரு சென்டிமீட்டர் போலக் கூடும், கழுத்தும் அகலும், கைக்குழி கீழே இறங்கும், கையும் நீளும். அதாவது எக்ஸ்எல் என்பது எல்லாப் பக்கமும் பெரிதான ஒரு பெண்ணுக்கு வெட்டியது. நீங்கள் ஒரு பக்கம் மட்டும் பெரிதானவர். வயிற்றுக்காக இரண்டு அளவு ஏறினால் தோளுக்கும் கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள், அவற்றை நிரப்ப உங்களிடம் உடம்பு இல்லை.

இதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: தோளுக்கு வாங்குங்கள், மற்றதை ஊசி பார்த்துக்கொள்ளும். தோள்தையல் கை ஆரம்பிக்கும் அந்த எலும்பு முனையில் உட்கார வேண்டும். அரை அங்குலம் இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. பக்கத் தையலைப் பிடித்துவிடுவது கால் மணி நேர வேலை. நீளத்தைக் குறைப்பது அதைவிடச் சுலபம். தோளைக் குறைப்பதற்குக் கையைக் கழற்றி, கைக்குழியை வெட்டி, மறுபடி கையை ஏற்ற வேண்டும். புதுச் சட்டை தைக்கும் வேலையில் பாதி அது, செய்தாலும் எப்போதும் அழகாக வராது. இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த முடியுமா என்று கேட்பார்கள். உள்ளே துணி விட்டிருந்தால் முடியும். ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள், பிரித்தால் அரைச் சென்டிமீட்டர்கூடத் தேறாது.

அப்படியானால் தோளுக்குச் சரியாக இருக்கும் சட்டை வயிற்றில் பிடிக்காதா? பிடிக்கும், நேர்வெட்டுச் சட்டையாக இருந்தால். இங்கேதான் அளவைவிட வெட்டு முக்கியம். மார்புக்குக் கீழே லேசாக விரிந்து இறங்கும் ஏ-வெட்டுக் குர்த்தி, தோள் பக்கம் தனித்துண்டாக யோக் வைத்துக் கீழே சுருக்கோ மடிப்போ கொடுத்தது, முன்பக்கம் நடுவில் ஒரே ஒரு பெட்டி மடிப்பு வைத்தது, இவை மூன்றும் தோளில் உங்கள் அளவாக இருந்துகொண்டே வயிற்றுக்கு இடம் கொடுக்கும். இடுப்பில் நாடா வைத்துப் பின்னால் கட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். அது 25 வயதுக்காரியின் இடுப்பைத் தேடும், கிடைக்காமல் வயிற்றுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பக்க வெட்டு, அதாவது ஸ்லிட், எங்கே ஆரம்பிக்கிறது என்றும் பாருங்கள். ரெடிமேட் குர்த்தியில் பெரும்பாலும் இடுப்புக்குச் சற்றுக் கீழேயே ஆரம்பித்துவிடும். வயிறு அங்கே முன்னால் தள்ளுவதால் வெட்டு வாயைப் பிளந்து நிற்கும். இரண்டு அங்குலம் தைத்து மூடிவிட்டால் அதே குர்த்தி வேறு குர்த்தி மாதிரி ஆகிவிடும். இதைச் செய்ய என்னிடம் வரக்கூட வேண்டாம், கையாலேயே தைக்கலாம்.

கடையில் கண்ணாடிக்கு நேராக நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராகத் தரையைப் பார்த்து இறங்க வேண்டும். கீழே போகப் போக முன்னால் வளைந்தால் முன்பாகத்தில் துணி போதவில்லை என்று அர்த்தம், வயிறு பின்துணியை இழுக்கிறது. முன்னோரம் பின்னோரத்தைவிட ஏறி நின்றாலும் அதேதான். இரண்டாவது, கொடியில் துணி காயப்போடுவது போல இரண்டு கையையும் தூக்குங்கள். சட்டை முழுவதும் கூடவே ஏறினால் கைக்குழி ரொம்பக் கீழே இருக்கிறது. கைக்குழி பெரிதாக இருந்தால் கை தாராளமாக அசையும் என்று நினைக்கிறோம், ஆனால் நேர்மாறு. குழி அக்குளுக்குக் கிட்டே, இரண்டு விரல் இடைவெளியில் இருந்தால் கை மட்டும் அசையும். கீழே இருந்தால் கை சட்டையையே இழுத்துக்கொண்டு போகும். அப்புறம், உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டே வாங்கிய துணி காரில் ஏறியதும் மூச்சை அடைக்கும்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் கோடை என்று தனியாக ஒரு காலம் இல்லை. மத்தியானம் 33, 34 டிகிரி, அதிகாலையில் 23, 24, வருடம் முழுக்க இதே கதைதான். காற்றில் ஈரம் வேறு எப்போதும் நிறைந்திருக்கிறது, அதனால் வேர்வை சீக்கிரம் காய்வதில்லை. இந்த ஊருக்கு இரண்டு குணம் வேண்டும்: துணி ஈரத்தைக் குடிக்க வேண்டும், துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று போய்வர வேண்டும். சாதாரண நிலையில் 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருந்தும் தொட்டால் காய்ந்ததாகவே தெரியும். லினன் 12 கிராம் வரை வைத்திருக்கும், ரேயானும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்திருக்காது. இஸ்திரியே வேண்டாம் என்று விற்கும் வழுவழுப்பான கிரேப் துணிகள் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பார்க்க அழகு, மடிப்புக் கலையாது, போட்டுக்கொண்டு பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அரை மணி நேரம் நடந்து பாருங்கள், புரிந்துவிடும்.

விளையாட்டு ஜெர்சி பற்றிச் சிலர் கேட்பார்கள். அதுவும் பாலியஸ்டர்தானே, ஆனால் வேர்வை சீக்கிரம் காய்கிறதே என்று. ஓடும்போதும் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் காற்று அடிப்பதால் காய்வது உண்மை. உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு சுகம் இல்லை, வேர்வை வாடையும் அதில் தங்கிவிடும். உங்களுக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், இதில் நான் கட்சி கட்டுவதில்லை.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே கிளம்பும்போது கைலிக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார், தலைக்கு ஒரு துண்டு. கொசுவுக்காகவும் பால் கறைக்காகவும் போட்டது. சின்ன வயதில் எனக்கு அது வறுமையின் உடுப்பாகத் தெரிந்தது. தையல் படித்த பிறகு ஒருநாள் அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூறு தடவை துவைத்து மெலிந்த பாப்ளின், அக்குளில் வேறு துணியில் சதுரமாக ஒட்டு, பின்னால் யோக்குக்குக் கீழே இரண்டு மடிப்பு. அக்குள் ஒட்டு கையை வீசி வெட்டுவதற்கு இடம் கொடுத்தது, மடிப்பு முதுகில் காற்றை விட்டது. வெயில் ஊருக்கு இதைவிட நல்ல வெட்டு எனக்குத் தெரியவில்லை. இன்று நான் தைக்கும் சாதாரணக் குர்த்திகளில் பாதிக்கு அக்குள் சதுரம் வைக்கிறேன், கேட்பவர்களிடம் "இது புது ஸ்டைல்" என்று சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு தளர்வு வேண்டும்? நெய்த துணி என்றால் உங்கள் மார்பளவைவிடச் சட்டை 10 முதல் 14 சென்டிமீட்டர் அதிகமாக இருந்தால் காற்று போகும், கூடாரமாகவும் தெரியாது. 20-ஐத் தாண்டினால் மகள் பாட்டி என்றுதான் சொல்வாள். டீ-சட்டை இழுபடும் துணி, அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது மெல்லியதாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பையும் காட்டும். டீ-சட்டைதான் வேண்டும் என்றால் கொஞ்சம் கனமான பருத்தியாக, வயிற்றைத் தொடாமல் மார்பிலிருந்து நேராக விழுகிறதா என்று பார்த்து எடுங்கள்.

கடையில் சரியாக இருந்தது வீட்டில் துவைத்ததும் பிடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பைச் சந்தேகப்பட வேண்டாம், துணி சுருங்கியது. முன்கூட்டியே சுருக்காத பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும், ரேயான் அதற்கு மேலும் போகலாம். மார்பில் 104 சென்டிமீட்டர் இருந்த சட்டை 4 விழுக்காடு சுருங்கினால் 100 ஆகிவிடும், நாம் பார்த்துப் பார்த்து விட்ட தளர்வில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இதில் நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளி அவசரத்தில் ஒரு பாத்தேக் ரேயானை ஊறவைக்காமல் வெட்டி ஒரு அக்காவுக்குத் தைத்துக் கொடுத்தேன். முதல் துவைப்புக்குப் பிறகு முட்டிக்குக் கீழே இருந்தது முட்டிக்கு மேலே வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அதிலிருந்து எந்தத் துணி வந்தாலும் முதல் நாள் இரவு தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் மறுநாள் கத்தரியைத் தொடுவேன்.

துணி என்ன என்று சொல்ல ஆளில்லாத கடையில், ஓரத்திலிருந்து நாலு நூல் வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் தூளாக உதிர்ந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகிக் கெட்டியாகக் கருப்பு முத்தாக நின்றால் பாலியஸ்டர். பருத்திக்கும் ரேயானுக்கும் உள்ள வித்தியாசத்தை நெருப்பு காட்டாது. நனைத்துப் பாருங்கள், ரேயான் ஈரத்தில் பலம் இழந்து கனமாகத் தொங்கும், பிழிந்தால் தையலில் விட்டுப்போகும். கலப்புத் துணியில் இந்தச் சோதனை குழப்பும், கொஞ்சம் உருகும், கொஞ்சம் சாம்பலாகும்.

நிறம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நேர் வெயிலில் கருப்பு சூடாகும், நிழலில் நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வேர்வையைப் போஸ்டர் ஒட்டியது போலக் காட்டும், வெள்ளையும் கருநீலமும் நெருக்கமான பூப்போட்டதும் மறைக்கும். நெடுங்கோடு போட்டால் ஒல்லியாகத் தெரியும் என்பது ஊரெல்லாம் சொல்வது, எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தோள் சரியாக உட்கார்ந்தால் குறுக்குக் கோடும் நன்றாகத்தான் இருக்கிறது.

சிலுவாருக்கு, அதாவது காற்சட்டைக்கு, நேராக எலாஸ்டிக் வைத்ததை எடுங்கள், ஆனால் எலாஸ்டிக் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அகலமாக இருக்கட்டும். ஒல்லி எலாஸ்டிக் சுருண்டு வயிற்றை இரண்டாக அறுக்கும். முன்பக்கம் பட்டையாகவும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக்காகவும் இருப்பது கிடைத்தால் விடாதீர்கள். ஜீன்ஸ் நான் தைப்பதில்லை, அதைப் பற்றி யோசனை சொல்லமாட்டேன்.

சரி, எங்கே வாங்குவது? நம் பட்டணத்துக் கடைத்தெருவில் புடவையும் பள்ளிச் சீருடையும் கிடைக்கும், நடுவயதுப் பெண்ணின் சாதாரண உடுப்புக்கு ஒரு கம்பிதான் ஒதுக்கியிருப்பார்கள். நான் முதலில் அனுப்புவது பண்டல் கடைக்கு, அதாவது பழைய உடுப்பு விற்கும் கடைக்கு. முகம் சுளிக்காதீர்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய உடுப்பு மூட்டைகளில் நல்ல லினனும் பருத்தியும் வருகின்றன, அந்தப் பெண்களின் தோளும் நம் தோள் மாதிரி சின்னது, வெட்டு தாராளமாக இருக்கும். இன்னொரு லாபம், அவை ஏற்கெனவே பலமுறை துவைத்தவை, சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது. கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அடுத்தது ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் போய்த் துணியாக எடுத்துத் தைத்துக்கொள்வது. கையுள்ள, முட்டி வரைக்கும் வரும் குர்த்திக்கு பிடாங் 60, அதாவது 60 அங்குல அகலத் துணி, என்றால் 2 மீட்டர், பிடாங் 45 என்றால் 2½ மீட்டர் கேளுங்கள். பாத்தேக் பருத்தியும் நல்ல தேர்வு. அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்தேக் போடுவதால் அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, விருந்தாளி வந்தாலும் மாற்ற ஓட வேண்டியதில்லை.

ஃபோனில் வாங்குவதாக இருந்தால் எஸ், எம், எல் எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாக உட்காரும் ஒரு சட்டையைக் கட்டிலில் பரப்பி, தோள் முனையிலிருந்து முனைக்கும், அக்குளிலிருந்து அக்குளுக்கும், நீளமும் அளந்து எழுதிவையுங்கள். பட்டியலில் கொடுத்திருப்பது சட்டையின் அளவா உடம்பின் அளவா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்காமல் வாங்கி, எழுத்தில் இரட்டை எக்ஸ்எல் என்று வந்தது என் மகளுக்குக்கூட ஏறவில்லை.

ஒரு விஷயத்தில் என் கை எட்டாது. அளவு மெல்ல மாறாமல், இரண்டு மூன்று மாதத்தில் வயிறோ காலோ திடீரென்று மாறியிருந்தால், தையற்காரியிடம் வருமுன் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்தால் அதற்கும் டாக்டரைப் பார்க்கலாம். துணியால் ஆன உதவி, உள்ளே கையில்லாத மெல்லிய பருத்தி ஒன்று, மேலே முன்பக்கம் பொத்தான் வைத்து முழுக்கத் திறக்கும் சட்டை ஒன்று. கொதிக்கும்போது மேலதைத் திறந்துவிட்டால் போதும். நான் 47-லிருந்து அப்படித்தான் போடுகிறேன்.

தைப்பதாக முடிவு செய்தால் இப்போதே போங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நாங்கள் புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுவோம், எடுத்தாலும் சாதாரணக் குர்த்தி பட்டு ரவிக்கைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நன்றாக உட்காரும் அந்தப் பழைய சட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எப்போதும் போடும் உள்பாடியைப் போட்டுக்கொண்டு போங்கள், அது மாறினால் மார்பளவே மாறும். நாடா வயிற்றைச் சுற்றும்போது மட்டும் மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்த இழுத்த அளவையும் நான் நோட்டில் எழுதத்தான் செய்வேன், பக்கத்திலேயே பென்சிலில் இரண்டு அங்குலம் கூட்டிவிட்டு.